இலங்கை: கமிஷன் மேல் கமிஷன் போட்டும் ஏன் நீதி கிடைக்கவில்லை?

2021 ஜனவரியில் இலங்கை அதிபர் கோத்தபய ராஜபக்ச ஒரு விசாரணை ஆணைக்குழுவை நியமித்தார். தலைவர், உச்ச நீதிமன்ற நீதிபதி நவாஸ். அதற்குத் தரப்பட்ட வேலை, முன்பு போட்ட கமிஷன்கள் என்ன சொல்லின என்று ஆராய்வது. அதாவது, கமிஷன்களைப் பற்றி ஒரு கமிஷன்! நியமித்தவரோ, போரின் கடைசிக் கட்டத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர்.

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், பிள்ளையைத் தொலைத்த தாய்க்கு இது வேடிக்கை இல்லை. ஒவ்வொரு கமிஷன் முன்பும் போட்டோவை எடுத்துக்கொண்டு போய், அதே கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

கமிஷனால் என்ன செய்ய முடியும்?

இலங்கையில் இவை பெரும்பாலும் 1948-ம் ஆண்டு விசாரணை ஆணைக்குழுச் சட்டப்படி அமைகின்றன. யார் உறுப்பினர், எதை விசாரிப்பது என்பதை முடிவு செய்பவர் அதிபர். அறிக்கையும் அவர் கைக்கே போகும். சாட்சிகளைக் கூப்பிடலாம், பரிந்துரைக்கலாம். தண்டிக்க முடியாது. அவ்வளவுதான்.

அப்படியானால் வழக்குப் போடுவது யார்? அட்டர்னி ஜெனரல். சிக்கலே இங்குதான். அரசுக்கு வக்கீலும் அவரே. அரசுப் படையினர் மீது குற்றம் சாட்ட வேண்டியவரும் அவரே.

உடலகம ஆணைக்குழு

2006 ஜனவரியில் திருகோணமலையில் 5 மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். இவை உட்பட 16 சம்பவங்களை விசாரிக்க நீதிபதி உடலகம தலைமையில் அந்த ஆண்டே ஆணைக்குழு அமைந்தது. கண்காணிக்க வந்த சர்வதேசக் குழுவுக்குத் தலைவர், இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பி.என்.பகவதி. அட்டர்னி ஜெனரல் துறையின் தலையீட்டை இந்தக் குழு வெளிப்படையாக விமர்சித்தது. விசாரணை சர்வதேசத் தரத்தில் இல்லை என்று சொல்லி 2008-ல் வெளியேறியது.

அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தது 2015-ல்தான். மாணவர்கள் கொலை வழக்கில் கைதான 13 பேரையும், போதிய ஆதாரம் இல்லை என்று 2019-ல் நீதிமன்றம் விடுவித்தது.

போர் முடிந்த பிறகு?

2010-ல் ‘கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு’ வந்தது. தலைவர் யார் தெரியுமா? முன்னாள் அட்டர்னி ஜெனரல் சி.ஆர்.டி சில்வா. ஆம்னெஸ்டி உள்ளிட்ட அமைப்புகள் சாட்சியம் அளிக்க மறுத்தன. ராணுவம் பொதுமக்களைக் குறிவைக்கவில்லை என்றது 2011-ல் வந்த அறிக்கை. ஆனாலும், சரணடைந்த பின் காணாமல் போனவர்கள் பற்றி விசாரிக்க வேண்டும் என்று அதுவே பரிந்துரைத்தது. அதைச் செய்தார்களா? 2013-ல் காணாமல் போனவர்களுக்காக இன்னொரு கமிஷன் போட்டார்கள். பரணகம தலைமையிலான அந்த ஆணைக்குழுவிடம் 20,000-க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் குவிந்தன.

கமிஷனே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்த அமர்வுகள் இல்லையென்றால் பல பெயர்கள் அரசுக் காகிதத்தில் ஏறியே இருக்காது. அந்தப் பதிவு நாளைக்கு உதவும்.

ஆனால், தகவல் போதவில்லை என்று இனிமேலும் சொல்ல முடியாது. இல்லாமல் இருப்பது, அந்தத் தகவலை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக, அரசுக்குக் கட்டுப்படாத ஒரு வழக்குத் தொடுநர் அலுவலகம். அது வராமல் எத்தனை கமிஷன் போட்டாலும், ஃபைல் திரும்பவும் அதே மேசைக்குத்தான் போகும்.

காலமும் காத்திருக்காது. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பிப்ரவரியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பதில் தெரியாமலே பல பெற்றோர் இறந்துபோனார்கள். சாட்சி சொல்ல அவர்களை இனி எந்தக் கமிஷனும் கூப்பிட முடியாது.