மேளகர்த்தாவில் எழுதிய மான்செஸ்டர்க்காரர்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியதிலிருந்து, எங்கள் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைத் திண்ணை முதல் பனியன் கம்பெனி வாசல் டீக்கடை வரை ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. நம் ஊர் சங்கீதத்தை வெள்ளைக்காரர் யாரும் அவர்களுடைய ஆர்கெஸ்ட்ராவுக்குள் விட்டதில்லையாம். விட்டிருந்தாலும் மேல்பூச்சாகத்தானாம். உண்மையிலேயே அக்கறைப்பட்ட ஒருவர் இருந்திருந்தால் நமக்குத் தெரியாமல் போயிருக்குமா என்பது கடைசிக் கேள்வி. ராஜாவின் பெருமையில் எனக்கு குன்றிமணி அளவும் குறையில்லை. அதைச் சொல்ல இந்த மூன்று பொய்களும் தேவையில்லை என்பதுதான் என் வாதம்.

முதல் பொய்க்கு ஜான் ஃபௌல்ட்ஸ் என்ற இசையமைப்பாளர் ஒருவர் போதும். 1880-ல் மான்செஸ்டரில் பிறந்தவர். தகப்பனார் அங்கே ஹாலே ஆர்கெஸ்ட்ராவில் பஸூன் வாசித்தார். மகன் 1900-ல் அதே குழுவில் செல்லோ வாசிக்கச் சேர்ந்தார். 1915-ல் மாட் மெக்கார்த்தி என்ற அயர்லாந்து வயலின் கலைஞரின் பழக்கம் கிடைத்தது, பிறகு மனைவியானார். அன்னி பெசன்டுடன் இந்தியா வந்து, நம் பாட்டைக் கற்று, லண்டன் திரும்பி அதைப் பாடிக்காட்டியே விளக்கியவர் இந்த அம்மையார். நம் ராகங்களுக்குத் தாயான ஏழு சுர வரிசைகள், அதாவது 72 மேளகர்த்தாக்கள், ஃபௌல்ட்ஸின் மேசைக்குப் போனது இந்த வழியில்தான். ‘டைனமிக் டிரிப்டிக்’ என்று பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக 1920களின் இறுதியில் ஒன்று எழுதினார். அதன் முதல் பகுதி முழுக்க ஏழே சுரங்கள். அந்நிய சுரம் ஒன்றுகூட உள்ளே வராது. ‘மூன்று மந்திரங்கள்’ படைப்பின் கடைசி மந்திரமும் அப்படித்தான். பித்தளை வாத்தியங்கள் எல்லாம் கூடி முழங்கும்போதும் எடுத்துக்கொண்ட தென்னிந்திய சுரவரிசையை விட்டு நகர்வதில்லை.

இரண்டாவது, மேல்பூச்சு என்பது. அப்படி எழுதியவர்கள் உண்டு. கெட்டல்பியின் ‘இன் எ பெர்ஷியன் மார்க்கெட்’டில் ஒட்டக மணியும் பிச்சைக்காரர் கூச்சலும் இருக்கின்றன, பாரசீக இசையைத் தேடினால் கிடைக்காது. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் சம்ஸ்கிருதமே கற்று ரிக்வேதத்துக்கு மெட்டமைத்தார். அவருக்கு வேண்டியிருந்தது வேதத்தின் பொருள், நம் சங்கீதம் இல்லை. ஃபௌல்ட்ஸ் இவர்களோடு சேராதவர். சுரவரிசையையே கட்டுமானமாகக் கொண்டவருக்கு பூச்சு எதற்கு?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. மேளம் வேறு, ராகம் வேறு. எங்கள் ஊரில் பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். அதைச் சொம்பு என்று யாரும் விலை சொல்வதில்லை. சுரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் இல்லாத சுரவரிசையும் தகடுதான். பியானோவில் கமகத்துக்கு வழியே கிடையாது. ஆனால் ஃபௌல்ட்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. 1905-ல் எழுதிய செல்லோ சொனாட்டாவிலேயே அரைச் சுரத்துக்கும் பாதியான கால் சுரத்தைக் கையாண்டவர் அவர். 1935-ல் இந்தியா வந்தார். 1937 முதல் டெல்லி வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவின் பொறுப்பாளர். 1938-ல் வானொலியின் ‘இந்தியன் லிஸனர்’ இதழில் ஆர்மோனியத்தைப் போட்டுத் தாக்கினார்: கட்டைக்குக் கட்டை தாவும் அந்தப் பெட்டி இந்திய இசைக்கு ஆகாது என்று. 1940 மார்ச்சில் வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடையே வந்தது, தளர்ந்தது 1971-ல்தான். அந்த வெறுப்பில் எனக்கு உடன்பாடில்லை. நாடகப் பாடகர் கிட்டப்பாவுக்கு அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம் வாசித்த மண் இது. பியானோவில் மேளகர்த்தா எழுதிய மனிதர் ஆர்மோனியத்தைத் திட்டியதில் முரண் வேறு இருக்கிறது. இருந்தாலும், நம் இசையை அலங்காரத்துக்கு எடுத்துக்கொண்டவருக்கு ஆர்மோனியத்தின் மேல் இவ்வளவு கோபம் வராது.

டெல்லியில் அவர் செய்த இன்னொரு வேலையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இந்திய வாத்தியக்காரர்களைக் கூட்டி, மேற்கத்திய முறையில் இசைக்குறிப்பு படிக்கப் பழக்கி, ஓர் இந்தோ-ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ரா அமைத்தார். ரவிசங்கரும் நம் டி.கே. ஜெயராம அய்யரும் நடத்திய ‘வாத்திய விருந்தா’ என்ற வானொலி ஆர்கெஸ்ட்ரா தொடங்கியது 1952-ல். ஃபௌல்ட்ஸ் அதற்கு ஏறக்குறையப் பதினைந்து வருடம் முந்தி.

கடைசிக் கேள்வி, ‘நமக்குத் தெரியாமல் போயிருக்குமா?’ போயிற்று, இங்கிலாந்துக்காரர்களுக்கே தெரியாமல் போயிற்று. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக அவர் எழுதிய ‘எ வேர்ல்ட் ரெக்வியம்’ 1923 முதல் 1926 வரை ஆண்டுதோறும் லண்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்களோடு நடந்தது. பிறகு எண்பது ஆண்டு மௌனம். பிழைப்புக்காக எழுதிய ‘கெல்டிக் லமென்ட்’ போன்ற சின்ன உருப்படிகள் பிரபலமாகி, லைட் மியூசிக்காரர் என்ற முத்திரை விழுந்தது. கல்கத்தா நிலையத்துக்கு மாற்றலாகிப் போன சில நாட்களில், 1939 ஏப்ரல் 25 அன்று காலராவில் இறந்தார். கையெழுத்துப் பிரதிகளில் சிலவற்றை எலியும் எறும்பும் தின்றன. கிழக்கையும் மேற்கையும் இணைத்து எழுதிய சிம்பொனி காணாமலே போய்விட்டது. மால்கம் மெக்டொனால்ட் என்ற விமர்சகர் விடாமல் எழுதியதால்தான் பெயராவது மிஞ்சியது. ‘வேர்ல்ட் ரெக்வியம்’ திரும்ப ஒலித்தது 2007 நவம்பர் 11 அன்று.

அதற்கு முன்பே, 2004-ல் சகாரி ஒராமோ பர்மிங்காம் ஆர்கெஸ்ட்ராவை வைத்து ‘மூன்று மந்திரங்க’ளை இசைத்தட்டாக வெளியிட்டார். மூன்றாவது மந்திரத்தை முதலில் போடுங்கள். ஆர்மோனியப் பெட்டி ஒன்று பக்கத்தில் இருந்தால் அந்த ஏழு சுரங்களையும் அதிலேயே சரிபார்த்துவிடலாம்.