அருகில்தான் இருக்கிறது என்னும் பொய்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு என்று கேட்டால் திட்டம் தீட்டுவோர் கிலோமீட்டரில் பதில் சொல்வார்கள். பயணிக்கு அதனால் என்ன பயன்? ஒரு விமானத்தில் இறங்கி அடுத்ததில் ஏற எத்தனை மணி நேரம் ஆகும் என்பதல்லவா அவன் கேள்வி! அதைக் காதில் வாங்காதவர்கள் கட்டியதுதான் கனடாவின் மிராபெல்.

மான்ட்ரியாலில் டோர்வல் விமான நிலையம் முன்பே இருந்தது. அது போதாதென்று பியர் ட்ரூடோவின் அரசு 1969இல் நகருக்கு வடமேற்கே 97,000 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. பெரும்பகுதி விளைநிலம். 1975இல் மிராபெல் திறக்கப்பட்டது. கடல் கடந்து வரும் விமானங்கள் அங்கே இறங்கின. கனடாவுக்குள்ளும் அமெரிக்காவுக்கும் பறப்பவை டோர்வலிலேயே நீடித்தன. நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் இடையே 35 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் லண்டனிலிருந்து வந்து ஹாலிஃபாக்ஸ் செல்ல வேண்டியவன் பெட்டிகளைப் பெற்றுக்கொண்டு, பேருந்து பிடித்து, நெரிசலைக் கடந்து, மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். டொராண்டோ வழியாகப் போனால் ஒரே விமான நிலையத்துக்குள் நடந்தால் போதும். அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

விரைவு ரயில் வரும் என்றார்கள். முனையத்துக்கு அடியில் ரயில் நிலையத்தையும் கட்டிவைத்தார்கள். ரயில்தான் கடைசிவரை வரவில்லை. 13ஆம் எண் நெடுஞ்சாலையும் மிராபெலை எட்டாமல் பாதியிலேயே நின்றுபோனது.

நெடுந்தூரம் நிற்காமல் பறக்கும் விமானங்கள் வந்ததும், வணிகம் டொராண்டோவுக்கு இடம்பெயர்ந்ததும் காரணம் என்பர் சிலர். மறுப்பதற்கில்லை. ஆனால் 1997இல் பன்னாட்டு விமானங்கள் டோர்வலுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தவுடன் அவை ஓடோடிச் சென்றனவே, அது எதனால்? 2004 அக்டோபர் 31 அன்று மிராபெலின் கடைசிப் பயணிகள் விமானம் புறப்பட்டது. அதே ஆண்டில்தான் டோர்வலுக்கு ட்ரூடோவின் பெயரைச் சூட்டினார்கள்! எவருடைய அரசு டோர்வலை ஓரங்கட்ட நினைத்ததோ அவர் பெயரையே. 2014இல் மிராபெல் முனையத்தை இடிக்கத் தொடங்கினர். கையகப்படுத்திய நிலத்தில் பெரும்பகுதி 1980களிலேயே உழவர்களிடம் திரும்பிவிட்டது; இடையில் தொலைந்த ஆண்டுகளை யார் திருப்புவது?

டோக்கியோவில் இரண்டு இல்லையா என்று கேட்பவர்கள் அதன் கதையையும் முழுதாகச் சொல்லட்டும். உழவர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே 1978இல் நரிட்டா திறக்கப்பட்டது. ஹனேடாவிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இரண்டையும் இணைக்கும் ரயில் இருந்தும் பயணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கடைசியில் 2010இல் ஹனேடாவிலேயே புதிய பன்னாட்டு முனையத்தைத் திறக்க வேண்டியதாயிற்று.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் 2022இல் அறிவிக்கப்பட்டது முதல் ஏக்கர் கணக்கும் பயணிகளின் கோடிக் கணக்கும் கேட்டுக் காது புளித்துவிட்டது. மீனம்பாக்கத்திலிருந்து சாலை வழியே ஐம்பது, அறுபது கிலோமீட்டர். மதுரையிலிருந்து மீனம்பாக்கம் வந்திறங்கும் ஒருவர், கையில் பெட்டியும் மடியில் குழந்தையுமாக, பரந்தூரில் சிங்கப்பூர் விமானத்தைப் பிடிக்க எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்? ஏகனாபுரத்து மக்களிடம் ஏரியையும் வயலையும் கேட்பதற்கு முன் இந்த ஒரு கணக்கையாவது எழுதிக் காட்டுங்கள், நிமிடங்களில்.