முதலில் நிற்கட்டும், பிறகு மின்னட்டும்

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தையும் ஸ்ட்ராபெரியையும் படம் எடுப்பார்கள். கொஞ்சம் உற்றுப் பார்க்கிறவர்கள், காய்கறி மூட்டைகளோடு முக்கி முனகி மேடேறும் பழைய லேண்ட் ரோவரையும் படம் எடுப்பார்கள். பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கமெல்லாம் அது இன்னும் கூலிக்கு உழைக்கிற வண்டிதான். என் அப்பா பல வருடம் ஓட்டியதும் அப்படி ஒன்றைத்தான். அந்த வண்டியைத் தோட்ட முதலாளி விற்கப்போவதாகச் செய்தி வந்ததும் நாங்களே வாங்கிவிட்டோம். நான் ஒதுக்கிய தொகை எட்டாயிரம் வெள்ளி. வேலை நடந்த இடம் வீட்டு வாசலில் போட்ட தகரக் கொட்டகை. பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமாதான் வாத்தியார்.

வாங்கிய அன்றே நான் பச்சைப் பெயிண்டு பற்றிப் பேச ஆரம்பித்தேன். மாமா சிரித்தார். "பெயிண்டுக்கு என்னம்மா அவசரம்? ஏறாத வண்டி வாசல்ல நிக்கும், அவ்வளவுதான். நிக்காத வண்டிக்குத்தான் பயப்படணும்."

பழைய வண்டியைக் குறைந்த செலவில் புதுப்பிக்க நினைக்கும் எல்லோருக்கும் அந்த ஒரு பேச்சே போதும். கையிலிருக்கும் காசு முதலில் வண்டியை நிறுத்தும் பாகங்களுக்கு, அடுத்து அதைத் தாங்கும் பாகங்களுக்கு, அதற்கப்புறம் ஓட்டும் பாகங்களுக்கு. அழகு கடைசியில்தான்.

லேண்ட் ரோவரின் அழகு நம்மை ஏமாற்றும் என்பதற்குச் சரித்திரத்திலேயே காரணம் இருக்கிறது. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இந்த வண்டி முதன்முதலாக வெளிவந்தபோது, போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இரும்புக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. ஆனால் கீழே இருக்கும் சேசிஸ் இரும்பு. மேலே பார்த்தால் குமரி, கீழே குனிந்து பார்த்தால் கிழவி! கேமரன் மலையின் மழையும் பனியும் ஒருபக்கம், பல வருடம் உர மூட்டை ஏற்றிய உப்பு இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து சேசிஸை அரித்துவிடும்.

எங்கள் வண்டி 1971க்கும் 1985க்கும் இடையில் தயாரான சீரிஸ் 3, 88 அங்குல ரகம். மாமா சுத்தியலை எடுத்துச் சேசிஸ் முழுவதும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று சத்தம் வந்தது, அரித்த இடத்தில் தொம்மென்றது. பின்பக்கக் குறுக்குச் சட்டத்திலும் ஓட்டுநர் கால் வைக்கும் தரையிலும் தொம்தான் அதிகம். அந்த இடங்களை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்தோம். இந்த ரகத்தில் பெட்ரோல் டேங்க் முன் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. அதைக் கழற்றித் தூரமாக வைத்து, பேட்டரி ஒயரையும் எடுத்த பிறகுதான் வெல்டிங்கைத் தொட வேண்டும். அந்த வேலையை அனுபவசாலியிடமே விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். தாப்பாவுக்கு இறங்கும் நீண்ட வளைவுச் சாலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறைந்துவிடும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்தால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். அதனால் எண்ணெயையும் ரப்பர் குழாய்களையும் சக்கர சிலிண்டர்களையும் மொத்தமாக மாற்றினோம். பழைய சீரிஸ் வண்டிகள் பலவற்றில் பிரேக் குழாய் ஒரே சுற்றுதான், ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. ஆகவே நாங்கள் செய்த முதல் 'அப்கிரேட்' இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் சர்வோவும். பாதிப் பணம் இங்கேயும் சேசிஸிலும் போய்விட்டது.

ஓர் எச்சரிக்கை. பழைய பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

வானொலியில் வேலை செய்கிறவள் வண்டியில் ரேடியோ இல்லாமல் இருப்பேனா? அதற்கு முன் ஒயரிங் சரியாக வேண்டியிருந்தது. மிகப் பழைய லேண்ட் ரோவர்களில் பேட்டரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். அதைப் பார்க்காமல் இன்றைய ரேடியோவை மாட்டினால் புகைதான் பாடும். எங்களுடையது எதிர்முனை இணைப்பு என்பதால் தப்பித்தது. கூடுதல் ஃபியூஸ் பெட்டியும் முன்விளக்குகளுக்கு ரிலேயும் வைத்தோம். செலவு குறைவு, ஆனால் மாலைப் பனிமூட்டத்தில் வெளிச்சம் நன்றாகவே கூடியது.

எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சின் போடச் சொல்லி நண்பர்கள் நச்சரித்தார்கள். ஆனால் எஞ்சினை மாற்றினால் ஜே.பி.ஜே. ஒப்புதலும் பரிசோதனையும் தேவை. அதைச் செய்யாமல் விட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் சிக்கலாகும். பழைய 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கே மின்னணு இக்னிஷன் பொருத்தி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்தோம். தானா ராத்தா ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பெட்ரோல் கலவை கனமாகிவிடும், எஞ்சின் கரும்புகை விடும். கலவையை மலையில் வைத்தே சரிசெய்ய வேண்டும் என்று மாமா சொன்னது இதனால்தான்.

வீட்டில் சண்டை வந்தது பின்பக்க பெஞ்சு விஷயத்தில். அண்ணன் பிள்ளைகளுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆசை. அந்த பெஞ்சில் பெல்ட் கிடையாது. "நாங்கள்லாம் அப்படித்தானே போனோம்" என்றார் அப்பா. போனோம்தான், ஆனால் அந்தக் காலத்தில் நமக்கு வேறு வழியில்லை. இப்போது இருக்கிறது. முன் இருக்கைகளுக்குப் புது பெல்ட் மாட்டினோம். ஓடும் வண்டியில் பின்னால் காய்கறி மட்டும்தான். பிள்ளைகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினார்கள்.

பதினான்கு மாதத்தில் எட்டாயிரமும் தீர்ந்தது. பெயிண்டுக்கு மிஞ்சவில்லை. கதவில் அப்பா காலத்து நசுங்கல் அப்படியே இருக்கிறது. அதைத் தட்டி எடுக்கலாமா என்று கேட்டால், எந்த வளைவில் எந்த லாரிக்கு ஒதுங்கியபோது விழுந்த நசுங்கல் அது என்று கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்.

உங்கள் வீட்டுப் பின்புறத்திலும் தாத்தாவின் மோரிஸ் மைனரோ அப்பாவின் பழைய டாட்சனோ தார்ப்பாய்க்குள் கிடக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை விலக்குங்கள். ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டும் வைத்துவிட்டு அடியில் பாருங்கள். கையில் பெயிண்டுப் பட்டியல் வேண்டாம். ஒரு சுத்தியலும் டார்ச் விளக்கும் இருந்தால் போதும்.