வேலை செய்துகொண்டு படிக்கிறவர்களுக்கு எப்படிப் படிப்பிப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுக்க வாசியுங்கள்.

போன ஞாயிறு மஃரிபுக்குப் பிறகு, எங்கட பாடசாலையில் தரம் 2 படிப்பிக்கிற தங்கச்சி ஒருத்தி போன் எடுத்தா. "ராத்தா, நான் டிகிரிய நிப்பாட்டப் போறன்." இரண்டாம் வருடம் படிக்கிறா. மூன்று வயதுப் பிள்ளை இருக்கு.

காசுப் பிரச்சினையா என்று கேட்டேன். இல்லை. பாடம் கஷ்டமா? அதுவும் இல்லை.

"காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் ஸ்லைட்ட வாசிக்கிறாங்க ராத்தா. ராவைக்கு அதே ஸ்லைட்ட வட்ஸ்அப்புல போடுறாங்க. அத ஊட்டுல இருந்தே வாசிக்கலாமே. புள்ளய அழ வெச்சிட்டு நான் என்னத்துக்குப் போகணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. நானும் அந்தக் கதிரையில் இருந்து வந்தவள்தான்.

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி முடித்து, டிப்ளோமாவோடு ஒரு கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்குப் போனேன். பிறகுதான் வார இறுதியில் டிகிரி. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. சுபஹோடு எழும்பி, பகல் சாப்பாட்டையும் சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடித்த நாட்கள் பல.

அதில் ஒரு நாளை மறக்க முடியாது. அன்றைய பாடம் "பிள்ளை மையக் கல்வி". அதை நான்கு மணித்தியாலம் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்ததிலிருந்து, பிள்ளைகளைச் செய்யவிடுங்கள், தேடவிடுங்கள், பேசவிடுங்கள் என்று எங்களுக்குச் சொல்லாத கருத்தரங்கு இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது சரியென்றால், முப்பத்தைந்து வயது டீச்சருக்கு மட்டும் ஏன் சொல்வதெழுதல்?

இன்னொரு நாள், ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் படிப்பிப்பது பற்றிய பாடம். எனக்குப் பக்கத்தில் இருந்த டீச்சர் ஆறு வருடமாகத் தரம் 3, 4, 5 மூன்றையும் ஒரே மண்டபத்தில் வைத்துப் படிப்பிக்கிறவ. விரிவுரை முடியும்வரை அவவிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தேநீர் இடைவேளையில் நாங்கள் கேட்டோம். தரம் 5 பிள்ளைகளை எப்படிக் குழுத்தலைவர்களாகப் போடுறா, ஒரு வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு மற்ற வகுப்பிடம் எப்படிப் போறா, யாருக்கு எந்தப் பக்கம் கரும்பலகை என்று எல்லாவற்றையும் சொன்னா. பதினைந்து நிமிடம்தான். அன்று நான் பாடசாலைக்குக் கொண்டுபோனது அந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான்.

இதெல்லாம் விரிவுரையாளர்களுக்குத் தெரியாத விசயமில்லை. மல்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் பற்றி எங்களுக்குப் படிப்பித்தவர்களே அவர்கள்தான். வளர்ந்தவர்கள் வெறும் கையோடு வகுப்புக்கு வருவதில்லை, அவர்களின் அனுபவமும் ஒரு பாடப்புத்தகம்; ஏன் படிக்கிறோம் என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு மனம் வரும்; தங்கள் வேலையில் இருக்கிற பிரச்சினையோடு தொடங்கினால் நன்றாகக் கற்பார்கள் என்பதெல்லாம் அவர் சொன்னவை. 1973இல் வந்த தன் நூலின் தலைப்பிலேயே, வயதுவந்த மாணவரை கவனிக்கப்படாத ஓர் இனம் என்றார். நாங்கள் அதை மனனம் செய்து பரீட்சையில் எழுதி பாஸ் பண்ணினோம். அவ்வளவுதான்.

எல்லோரும் அப்படி என்று சொன்னால் அநியாயம். ஒரு சேர் இருந்தார். முதல் நாளே ஒரு துண்டுக் கடதாசி தந்து, "இந்தக் கிழமை உங்கட வகுப்பில் உங்களைத் தூங்கவிடாத பிரச்சினை என்ன? எழுதுங்க" என்றார். அந்தக் கடதாசிகளை வைத்தே தவணை முழுக்கப் பாடம் நடத்தினார். நான் எழுதியது, வாசிக்கத் தெரியாத ஒரு மகனைப் பற்றி. ப, ம, ய மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். அவனோடு ஆறு கிழமை வேலை செய்து குறித்து வருவதே எனக்கு ஒப்படை. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஆறாவது கிழமை அவன் "படம்", "மயில்" என்று தானாக வாசித்தான். வாசிப்பு பற்றிய கோட்பாடுகள் எனக்கு விளங்கியது அந்தப் பிள்ளையிடமிருந்துதான்.

எங்களிலும் பிழை இருக்கு. "சேர், நோட்ஸ் தாங்க, பாஸ்ட் பேப்பர் தாங்க" என்று கேட்கிறவர்கள் நாங்கள்தான். ஒப்படையைக் காசுக்குச் செய்து வாங்குகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். நூறு பேர் இருக்கிற மண்டபத்தில், முடிக்க வேண்டிய பாடத்திட்டத்தோடு நிற்கிற விரிவுரையாளரின் கஷ்டமும் விளங்குது.

ஆனாலும் செய்யக்கூடியவை இருக்கு. எழுத்துக் குறிப்பை ஒரு கிழமைக்கு முன்பே அனுப்புங்கள். வகுப்பு நேரத்தைப் பேசவும் செய்து பார்க்கவும் விடுங்கள். ஒப்படையை எங்கட வகுப்பறையிலிருந்தே கேளுங்கள், அதைக் கடையில் வாங்க முடியாது. திகதிகளைத் தவணை தொடக்கத்திலேயே தாருங்கள், பாடசாலைத் தவணைப் பரீட்சையோடும் நோன்பின் கடைசிப் பத்தோடும் மோதாமல். இதற்கு வெளிநாடு போய்ப் பார்க்கத் தேவையில்லை. 1980இல் தொடங்கிய எங்கட திறந்த பல்கலைக்கழகம், வேலை செய்கிறவர் வீட்டில் தனியாக இருந்து படிக்கும் விதமாகவே பாடநூல்களை எழுதியது. வாசிப்பு வீட்டில், சந்திப்பு விளக்கத்துக்கு. யோசனை இந்த நாட்டிலேயே இருக்கு.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. "இந்த வயசில என்ன படிப்பு?" என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கலியாணத்துக்கு வரவில்லை என்று முகத்தைத் தூக்காதீர்கள். கணவன்மாரே, அந்த ஒரு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது உதவி அல்ல, அது உங்கட பிள்ளை.

தங்கச்சியிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். புதன் இரவு இஷாவுக்குப் பிறகு எங்கட வீட்டுக்கு வாங்க, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. இன்னும் இரண்டு டீச்சர்மாரும் வருவாங்க. ஆளுக்கொரு பாடத்தை எடுத்து, எங்கட வகுப்பை வைத்தே பேசுவோம். "பாப்பம் ராத்தா" என்றா. வருவாவா தெரியாது. தேநீர் போட்டு வைப்பேன்.

வேலை செய்துகொண்டு படித்தவர்கள், படிக்கிறவர்கள், இடையில் நிப்பாட்டியவர்கள் உங்கட அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். விரிவுரையாளர்களும் எழுதுங்கள், கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. அல்லாஹ் எல்லோருடைய கல்வியிலும் பரகத் செய்வானாக.