இலைக்குள் வாழும் உயிர்

வால்பாறைச் சோலைகளில் சோலைமந்தியைக் கண்டவர் அதனை எளிதில் மறப்பதில்லை. கரிய முகத்தைச் சூழ்ந்த வெண்சாம்பல் பிடரியும் நுனியில் குஞ்சம் கொண்ட வாலும் கண்ணில் நிற்கும். மரங்களின் உச்சியிலேயே வாழ்ந்து பழகிய அக்குரங்கு, காடு துண்டுபட்டதனால் இன்று சாலையிலும் நடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாத அது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுள் ஒன்று.

அது அமரும் மரத்தின் இலைக்குள்ளும் உயிர்கள் உண்டு. நோய் உண்டாக்காமல் இலைத்திசுக்களுக்கிடையே நுண்ணிழைகளாய் வாழும் அவற்றை உள்வாழ் பூஞ்சைகள் என்பர். நலமான இலையொன்றின் மேற்பரப்பிலுள்ள நுண்ணுயிர்களை நீக்கி, சிறு துண்டுகளாக்கி ஊட்டக்கூழில் இட்டால், சில நாள்களில் வெட்டிய விளிம்பிலிருந்து இழைகள் புறப்படும். பூஞ்சை என்றாலே ஊசிப்போன சோறும் பயிர்நோயும் நினைவுக்கு வருமாறு பேசிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன்.

இவ்விரண்டில் எதனைக் காப்பது என்று வகுப்பில் வினவினால், கைகள் குரங்குக்கே உயரும். அவ்விடை பிழையன்று. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட முற்பட்டபோது, எதிர்ப்பின் அடையாளமாய் நின்றது சோலைமந்தியே. திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு பூஞ்சையின் பெயரால் அத்தனை மக்களைத் திரட்டியிருக்க இயலாது. குரங்கைக் காத்தபோது இலைகளும், இலைக்குள் இருந்தவையும் உடன் காக்கப்பட்டன.

ஆயினும், அந்நிழல் எல்லா இடத்திற்கும் நீளாது. குரங்கு வாழாத புதர்க்காட்டில் அரிய மரமொன்று அடியோடு அழிந்தால், அதனையே சார்ந்த பூஞ்சையும் உடன் அழியும். மந்தி குறைந்தால் எண்ணிச் சொல்லலாம்; பெயரே இடப்படாத உயிர் மறைந்ததை யார் சொல்வது? இதுவரை பெயரிடப்பட்ட பூஞ்சையினங்கள் ஏறத்தாழ 1.5 இலட்சம், உள்ளவையோ 20 இலட்சத்திற்கும் மேல் என்பது அறிஞர் மதிப்பீடு. பசிபிக் யூ என்னும் அமெரிக்க மரத்தின் பட்டையில் வாழும் பூஞ்சையொன்று, அம்மரம் தரும் டாக்சால் என்னும் புற்றுநோய் மருந்தைச் சிறிதளவு தானும் உண்டாக்குவதாக 1993இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். மரத்தை ஆராய்ந்தவர்கள் அதன் உள்ளேயும் நோக்கியதனால் கிடைத்த செய்தி அது. பயன் தருவதை மட்டும் காப்போம் என்பதன்று என் கருத்து. பயனுண்டா என்று அறியும் முன்னரே இழப்பது அறிவுடைமை ஆகாது.

எனவே, காட்டுயிர்க் கணக்கெடுப்பில் பூஞ்சைக்கும் இடம் வேண்டும். அதற்குத் தனிக்காடு வேண்டியதில்லை. மந்திகளை எண்ணச் செல்வோர், உரிய இசைவுடன், அம்மரங்களின் இலைகள் சிலவற்றையும் உறையிலிட்டு எடுத்துவந்தால் பணி தொடங்கிவிடும்.