ஏட்டுச் சுரைக்காயா ஆராய்ச்சி?

பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி நடந்தால் நமக்கென்ன, நடக்காவிட்டால் நமக்கென்ன? அதனால் நம் கூலி உயருமா? அரிசி விலை இறங்குமா? இப்படி ஒரு தொழிலாளத் தோழர் கேட்டால் அவர்மீது நாம் சினங்கொள்ள மாட்டோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைப் பட்டறிவால் உணர்ந்தவர் அவர். ஆனால் அவருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

1952-ஆம் ஆண்டு. சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். பௌதிகத் துறைக்குத் தலைவராக அவர் அமர்த்தியது முப்பது வயதும் நிறையாத ஓர் இளைஞரை. அவர்தான் ஜி. என். இராமச்சந்திரன். தோலும் எலும்பும் தசைநாரும் எந்தப் பொருளால் உறுதி பெறுகின்றனவோ, அந்தக் கொலாஜன் என்னும் புரதத்தின் கட்டமைப்பை அவர் ஆராயத் தொடங்கினார். கிண்டியில் அண்டையிலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கங்காருவின் வால் தசைநாரைக் கொடுத்து உதவியது. மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என்று 1954-ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்கு அறிவித்தார்கள். செல்வச் செழிப்பு மிக்க நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் திணறிக்கொண்டிருந்த புதிருக்கு விடை கிண்டியிலிருந்து வந்தது!

இதில் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் தோழரைக் கேளுங்கள். அவர் நாள்தோறும் கையால் தொடுவது அந்தக் கொலாஜனைத்தான். குரோம் உப்பு பற்றிக்கொள்வதும் அதைத்தான். பற்றாமல் மிஞ்சும் உப்புதான் கழிவு நீரில் கலக்கிறது. பாலாற்றுப் படுகையின் நீரும் நிலமும் கெட்ட கதை உச்சநீதிமன்றம் வரை சென்று, 1996-ல் தீர்ப்பு வந்தது. 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். கழிவைக் குறைப்பது எப்படி? தண்ணீரே இல்லாமல் குரோம் பதனிடுவது எப்படி? இவை ஏட்டுக் கேள்விகளா? இல்லை, உயிர்க் கேள்விகள்! தண்ணீரில்லாமல் குரோம் பதனிடும் முறையைக் கண்டதும் அதே தோல் ஆராய்ச்சி நிலையந்தான்.

அறிவு வேண்டும் என்றால் அதற்குப் பணம் வேண்டும். இந்திய அரசு தரும் கணக்கையே பார்ப்போம். 2020-21-ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் நூறு ரூபாய்க்கு 64 காசுதான் ஆராய்ச்சிக்குச் செலவாயிற்று. சீனா இரண்டு ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது. தென்கொரியா நான்கு ரூபாய்க்கு மேல். நம்முடைய 64 காசிலும் உயர்கல்வி நிலையங்களின் பங்கு நூற்றுக்கு 9 கூட இல்லை. அதாவது, நூறு ரூபாயில் ஆறு காசு கூடத் தேறவில்லை!

2023-ல் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கென ஒரு சட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று முரசறைந்தார்கள். கேட்கவே இனித்தது. ஆனால் அதில் 36,000 கோடி தொழிலதிபர்களிடமிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும் வர வேண்டுமாம். 2025-ல் இன்னொரு திட்டம் வந்தது, ஒரு இலட்சம் கோடிக்கு. அது தனியார் துறை ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியிலும் வட்டியின்றியும் நீண்ட காலக் கடனாகச் செல்வது.

தனியார் ஆராய்ச்சி கூடாது என்று நாம் கூறவில்லை. கடன் வாங்கும் முதலாளி, கடனைத் திருப்பித் தரக்கூடிய ஆராய்ச்சியைத்தான் தேடுவார். அது அவர் இயல்பு. ஆனால் கொலாஜனின் கட்டமைப்பைக் காண்பதால் அடுத்த ஆண்டே இலாபம் வரும் என்று 1952-ல் எவர் சொல்லியிருக்க முடியும்? தொழிலாளியின் நுரையீரலைப் பற்றிய ஆய்வுக்கு எந்த முதலாளி நன்கொடை தருவார்? பணம் கொடுப்பவரே கேள்வியையும் தீர்மானிப்பார். மக்களின் கேள்விக்கு விடை வேண்டுமென்றால் மக்களின் பணம் அங்கே செல்ல வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? இராமச்சந்திரன் பணியாற்றிய அதே சென்னைப் பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024-ல் வருமான வரித் துறை முடக்கியது. மாநிலப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடக்கிறது. ஆசிரியரே இல்லாத துறையில் ஆராய்ச்சி எங்கிருந்து முளைக்கும்? மத்திய அரசு, மாநில அரசு இரண்டுமே பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

பல்கலைக் கழகங்களிடமும் நமக்குக் குறை உண்டு. பட்டத்துக்காகவும் பதவி உயர்வுக்காகவும் எழுதி, அலமாரியில் தூங்கவிடும் ஆய்வேடுகள் எத்தனை! வரிப்பணத்தில் கண்ட உண்மையை, அந்த வரியைக் கட்டியவனுக்கு அவன் மொழியில் எடுத்துரைக்க வேண்டாமா?

ஆகவே நாம் வலியுறுத்துவது இவைதான். ஆராய்ச்சிப் பணத்தில் மாநிலப் பல்கலைக் கழகங்களுக்கு உரிய பங்கு நேரடியாக வர வேண்டும். காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். தொழிலாளியின் உடல்நலமும் அவன் குடிக்கும் நீரும் ஆய்வுப் பொருளாக வேண்டும். முடிவுகள் தமிழில் மக்களிடம் வந்து சேர வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுற வேண்டாம். ஆராய்ச்சி மானியத்தின் மீது சரக்கு, சேவை வரி கேட்டு 2024-ல் கல்வி நிலையங்களுக்கு நோட்டீஸ் பறந்தது. எதிர்ப்புக் குரல் எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வரிவிலக்கு அறிவிக்கப்பட்டது. அன்று குரல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். அந்தக் குரலோடு உழைப்பவர் குரலும் சேர்ந்தால்?

தோழர்களே! அடுத்த சங்கக் கூட்டத்தில் கூலி, போனஸ் தீர்மானங்களோடு இதையும் ஒரு தீர்மானமாக வையுங்கள். ஆராய்ச்சிக்கூடத்தின் கதவு நமக்கும் திறக்க வேண்டும். தட்ட வேண்டியவர்கள் நாம்!