நெஞ்சு 'வெடிப்பது' நிஜம்தான்: மதுரை போவதற்குள் செய்ய வேண்டியது

'நெஞ்சு வெடிச்சு செத்துட்டார்' என்பது வெறும் பேச்சு வழக்கு இல்லை. மாரடைப்பில் ரத்தம் கிடைக்காத தசை செத்து, ஊறிய அட்டை மாதிரி இளகிவிடும். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் அந்த இடம் கிழியலாம். வெளிச்சுவர் கிழிந்தால், கசியும் ரத்தம் இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் தேங்கி இதயத்தையே நெரிக்கும்.

அரிதுதான். ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் குறைவு. பிரஷர் சட்டென்று விழுந்து, கழுத்து நரம்பு புடைத்தால் உடனே எக்கோ எடுக்கணும். ஊசி வழியாக ரத்தத்தை எடுப்பது, ஆபரேஷன் வரை தாக்குப்பிடிக்கத்தான். கிழிசலை மூட ஆபரேஷனே வழி.

வீரசோழன்காரருக்கு அந்த வசதி திருச்சுழி, காரியாபட்டி தாண்டி மதுரையில். கிழிந்த பிறகு அவ்வளவு தூரம் போவது நடக்கிற காரியமா? அடைப்பைச் சீக்கிரம் திறந்தால் கிழியும் ஆபத்தே குறையும். கரிமூட்டத்தில் நெஞ்சு வலித்தவர் 'வாயுதான்' என்று சோடா குடித்துப் படுப்பதும், வலி மாத்திரை போடுவதும்தான் வினை.

2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் 14 மாத்திரைகள் ஒரே தவணையாகத் தரப்படுகின்றன. நல்ல திட்டம். ஆனால் மாத்திரை மட்டும் அடைப்பைத் திறக்காது. ஈசிஜியும், அடைப்பைக் கரைக்கும் ஊசியும் அருப்புக்கோட்டையிலேயே நள்ளிரவிலும் கிடைப்பதை அரசு உறுதி செய்யணும்.

வீட்டில் இருப்பவர்கள் 108-ஐ அழைக்கும்போது, வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துச் சொல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பதில் அதுவும் ஒன்று.